துணைக்கு யார் துணை?
(வீட்டில் கழியும் கடைசி நாட்களும் விடைபெறுதலும் குறித்துத் தொட்டியத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)

இன்றைய உரையின் பொருள் மேடைகளில் அதிகம் எடுத்துக்கொள்ளப்படாத ஒன்று. கணவனோ மனைவியோ மீள முடியாத நோயில் விழுந்து, வாழ்ந்த வீட்டின் கூடத்திலேயே கடைசி நாட்களைக் கழிக்கும்போது, அருகில் இருக்கும் மற்றவர் என்ன செய்கிறார், என்ன செய்ய இயலும், அவருக்கு ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதே அப்பொருள். மரணம் பற்றிய பேச்சை விளக்கேற்றும் நேரத்தில் தொடங்குவது நன்றன்று என்று கருதும் மரபு இங்கு உண்டு என்பது தெரிந்தே, அப்படிப் பேசாமல் இருப்பதனால் வீடுகள் படும் துன்பம் பெரிது என்பதும் தெரிந்தே இப்பொருள் தேர்ந்துகொள்ளப்பட்டது.

திருச்சியின் பெரிய மருத்துவமனைகளுக்கும் தொட்டியத்துக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு இருக்கிறது. காவிரியின் வடகரை வழியே, முசிறியைக் கடந்து போகும் அந்தச் சாலையில் நோயாளியை அழைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போய்வந்த குடும்பங்கள் ஒரு நாள் ஒரு வாக்கியத்தைக் கேட்கின்றன: "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." அந்த வாக்கியத்தைச் சொல்பவர் இரக்கமற்றவர் அல்லர், நோயை வெல்லும் மருந்து தம்மிடம் இல்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் கேட்பவரின் செவியில் அது எப்படி விழுகிறது? இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விழுகிறது. வண்டி திரும்பி வருகிறது, கட்டில் கூடத்துக்கு நகர்த்தப்படுகிறது, உறவினர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், இரவு வருகிறது. அந்த இரவில்தான் செய்ய வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குகின்றன. வலி எழுகிறது, வாய் வறள்கிறது, துணி நனைகிறது, மூச்சு முட்டுகிறது, பயம் வருகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க அந்தக் கூடத்தில் இருப்பவர் யார்? பெரும்பாலும் அறுபதையோ எழுபதையோ கடந்த, தாமே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்கும் ஒரு மனைவி. அல்லது அடுப்படிப் பக்கமே போய் அறியாத ஒரு கணவர்.

நோயாளிக்குத் துணை அவர். அந்தத் துணைக்கு யார் துணை? இவ்வுரை முழுவதும் திரும்பத் திரும்ப எழுப்பப் போகும் கேள்வி இது ஒன்றுதான்.

இக்கேள்வியைப் புதியது என்று எண்ணிவிட வேண்டாம். சங்க இலக்கியம் இதை அறிந்திருக்கிறது. புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய பாட்டு ஒன்று, போரில் படுகாயமுற்று வீட்டில் கிடத்தப்பட்டிருக்கும் வீரனையும் அவனைக் காக்கும் பெண்ணையும் காட்டுகிறது. விழுப்புண் பட்டவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று பெயரிட்டுத் தனித் துறையாகவே வகுத்திருக்கிறது. துறை என்பது பாட்டின் பொருளுக்கு இலக்கணம் வகுத்துத் தரும் உட்பிரிவு. அந்தப் பாட்டில் வீட்டின் இறவாரத்தில் வேப்பிலை செருகப்படுகிறது, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது, நறும்புகை வீடெங்கும் பரவுகிறது. புண்ணின் வெப்பமும் நாற்றமும் நிறைந்த வீட்டுக்குள் மணத்தையும் இசையையும் கொண்டுவரத் தெரிந்த ஒரு சமூகத்தின் அறிவு அதில் இருக்கிறது. ஆனால் அதனினும் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று. அப்பெண் இவற்றையெல்லாம் தனியாகச் செய்யவில்லை. தன் தோழியை அழைத்து, சேர்ந்து காப்போம் வா என்று கூப்பிடுகிறாள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உயிர் ஊசலாடும் கணவனின் பக்கத்தில் இருப்பவளுக்கு இன்னொரு கை வேண்டும் என்பதைப் பாட்டு சொல்லிவிட்டது. அந்த இன்னொரு கை இன்று எங்கே போயிற்று?

கடைசி நாட்களில் ஒரு துணை செய்யும் வேலையை வெளியே இருந்து பார்ப்பவர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தானாகப் புரள இயலாத உடலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால், எலும்பு துருத்தும் இடுப்பிலும் குதிகாலிலும் முதுகடியிலும் தோல் சிவந்து, பின் கன்றி, பின் புண்ணாகிவிடுகிறது. படுக்கைப் புண் என்று சொல்லப்படும் இப்புண் வந்தபின் ஆற்றுவது மிகக் கடினம். வராமல் காப்பதே வழி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் இரவிலும் அப்படித்தான். வாட்டர் பெட் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் நீர்ப்படுக்கை இந்த உழைப்பைச் சற்றுக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. இதனுடன் மருந்து நேரம், கஞ்சி நேரம், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை நிரம்புவதைப் பார்த்து அகற்றும் நேரம், துணி அலசும் நேரம், விசாரிக்க வருபவருக்குக் காபி கலக்கும் நேரம் என்று ஒரு நாள் துண்டு துண்டாகிப் போகிறது. இந்தத் துண்டுகளில் எதிலாவது அந்த இருவரும் கணவன் மனைவியாக உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா? ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர் கடைசிப் பதினைந்து நாளில் தாதியாகவும் சமையற்காரராகவும் காவலாளராகவும் மாறிவிட்டு, துணையாக இருக்க மட்டும் நேரமில்லாமல் போவதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? விடைபெற முடியாமல் போவதற்குப் பாசக் குறைவு காரணமாவது அரிது. தூக்கமின்மையும், தணிக்கப்படாத வலியுமே பெரும்பாலும் காரணம்.

வலியைத் தணிக்க முடியுமா? முடியும் என்பதே மருத்துவத்தின் விடை. நோயைக் குணப்படுத்தும் முயற்சிக்கு அப்பால், அல்லது அதனோடு சேர்ந்தே, நோயாளியின் துன்பத்தைக் குறைப்பதையும் குடும்பத்தைத் தாங்குவதையும் நோக்கமாகக் கொண்ட மருத்துவத்துக்கு நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். இத்துறையின் இன்றைய வடிவுக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவமும் படித்த அவர், 1967-ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடலில் எழும் வலியோடு, மனத்தின் கலக்கமும், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலையும், வாழ்வின் பொருள் குறித்த ஏக்கமும் பின்னிக்கிடக்கும் நிலையை அவர் முழுவலி என்று கண்டு சொன்னார். மகளின் திருமணக் கடன் அடையவில்லையே என்று விழித்துக் கிடப்பவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் பாதி வலிதான் போகும் என்பதைத் தொட்டியத்து வீடுகளில் இருப்போர் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

உடலின் கடும் வலிக்கு மார்பின் என்னும் மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அபினியிலிருந்து எடுக்கப்படும் இம்மருந்தை, உலகச் சந்தைக்கே சட்டப்படி அபினி விளைவித்துத் தரும் இந்தியாவில், இந்திய நோயாளிகள் பெறுவது நெடுங்காலம் அரிதாக இருந்தது. 1985-ஆம் ஆண்டு வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கடத்தலை ஒடுக்க எழுந்தது. அதன் கடுமையான உரிம விதிகளுக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மார்பினை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் அச்சம் மருத்துவரிடத்திலும் இருக்கிறது, குடும்பத்தாரிடத்திலும் இருக்கிறது. அது போதை மருந்தாயிற்றே, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரே என்று கேட்காத வீடு குறைவு. உரிய அளவில், பயிற்சி பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கப்படும் மார்பின் உயிரைப் பறிப்பதில்லை; மலச்சிக்கலைத் தரும், அதற்கும் உடன் மருந்து உண்டு. வலி குறைந்தவர் தூங்குகிறார். தூங்கி எழுந்தவர் பேசுகிறார். அந்தப் பேச்சுக்காகத்தானே வீட்டார் காத்திருக்கிறார்கள்?

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இவ்வகைச் சிகிச்சை தேவைப்படுகிறது; அதைப் பெறுவோர் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர். ஆனால் இக்கணக்கைக் கண்டு சோர்ந்துவிட வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்திலேயே ஒரு வழி திறக்கப்பட்டிருக்கிறது. 1993-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். இராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக விரிந்தது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், மாணவர் என்று பலதரப்பட்டோரும் சில நாட்கள் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைத் தம் தெருவிலுள்ள நோயாளிக்குக் கொடுப்பது அம்முறை. செவிலியர் புண்ணுக்குக் கட்டுப்போட வருவார். தன்னார்வலர் அரிசி வாங்கித் தருவார், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவார், இரவில் காவல் இருப்பார். 2008-ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது; இந்திய மாநிலங்களில் அதுவே முதல்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை அளிப்பதும், இயன்முறை மருத்துவம் அளிப்பதும் அதே திட்டத்தின் பகுதிகள் என்பது இன்னும் எல்லா வீடுகளையும் எட்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்று இவ்வவையிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு வீட்டுக்காவது சொன்னால், இந்த மாலைப் பொழுது பயனுடையதாகும்.

ஆனாலும் அவையோரே, செவிலியர் எத்தனை முறை வர முடியும்? ஒரு வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள். வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் பெரிது. மற்ற நாட்களுக்கு? மற்ற இரவுகளுக்கு? இவ்வூருக்கு ஒரு பெருமை உண்டு. பங்குனியில் மதுரை காளியம்மன் தேர் புறப்படும்போது அது சக்கரத்தில் உருள்வதில்லை; ஆட்கள் தோள் கொடுத்துச் சுமக்கிறார்கள், ஒருவர் தோள் தளரும்போது இன்னொருவர் தோள் மாறிக்கொள்கிறார். அவ்வளவு உயரமான தேரை ஊர் சுற்றிக் கொண்டுவரத் தெரிந்த மக்களுக்கு, ஒரு கூடத்தில் கிடக்கும் ஒரு மனித உடலைத் தோள் மாற்றிச் சுமக்கத் தெரியாதா? பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அவற்றை நோயாளியால் சாப்பிட முடிவதில்லை. அதற்குப் பதிலாக, "இன்றிரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள் அத்தை" என்று சொல்லும் ஒரு மருமகன், ஒரு பக்கத்து வீட்டுப் பெண், அந்த வீட்டுக்குக் கொடுப்பதற்கு எதுவும் ஈடாகாது. நான்கு மணி நேரம் தூங்கியவர் காலையில் கணவரின் கையைப் பிடித்து உட்காரும்போது, தாதி மறைந்து மனைவி திரும்பி வருகிறார்.

இனி விடைபெறுதலுக்கு வருவோம். என்ன பேசுவது? எப்போது பேசுவது? இக்கேள்விகளுக்கு முன்னால் ஒரு பெரிய தடை நிற்கிறது. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று மகன் மருத்துவரின் காதில் சொல்கிறான். தந்தையும் தம் உடல் சொல்வதைக் கேட்டு எல்லாம் அறிந்துகொண்டு, பிள்ளைகள் வருந்துவார்களே என்று அறியாததுபோல் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, இடையில் ஒரு சுவரை எழுப்பிவிடுகிறார்கள். அந்தச் சுவரின் அப்புறமும் இப்புறமும் அழுகை நடக்கிறது. இந்த மௌனம் அன்பிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை, அதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பதும் இல்லை. "உடம்பு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று துணை கேட்டால் போதும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை நோயாளியே காட்டிவிடுவார்.

வள்ளுவரையும் வாசுகியையும் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வரலாறு என்று அதைக் கொள்ள இயலாது, ஆனால் மக்கள் அதைப் போற்றி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உண்ணும்போது இலைக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் நீரும் ஊசியும் வைக்கும்படி வள்ளுவர் சொல்ல, ஏன் என்று கேட்காமலேயே வாழ்நாளெல்லாம் வைத்துவந்த வாசுகி, மரணப் படுக்கையில்தான் அதைக் கேட்டாராம். சிந்திய சோற்றைக் குத்தி எடுத்துக் கழுவ அவை என்றும், சிந்தாமல் பரிமாறியதால் தேவைப்படவே இல்லை என்றும் வள்ளுவர் விடை சொன்னாராம். கேள்வியே கேட்காத மனைவியின் பணிவைப் புகழவே இக்கதை பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதை வேறு விதமாகவும் கேட்கலாம். ஒரு வாழ்நாள் முழுவதும் கேட்கப்படாத கேள்வி ஒன்று அந்தப் பெண்ணின் நெஞ்சில் இருந்திருக்கிறது. அதைக் கேட்கும் உரிமை கடைசி நாளில்தான் அவருக்குக் கிடைத்தது. எத்தனை வீடுகளில் எத்தனை ஊசியும் கிண்ணமும் கேட்கப்படாமலே போயிருக்கும்?

கேட்காமல் போனது ஒருபுறம்; சொல்லாமல் போனது மறுபுறம். 1933 மே 11 அன்று பெரியாரின் மனைவி நாகம்மையார் மறைந்தார். ஓராண்டுக்கு நெருங்கிய ஐரோப்பிய, சோவியத் பயணத்தை முடித்துப் பெரியார் 1932 நவம்பரில்தான் ஊர் திரும்பியிருந்தார். மனைவி மறைந்த மறுநாளே திருச்சிக்கு வந்து, தடையுத்தரவையும் பொருட்படுத்தாமல் ஒரு திருமணத்தை அவர் நடத்திவைத்ததை இயக்க வரலாறு நெஞ்சுரத்துக்குச் சான்றாகக் குறிக்கிறது. ஆனால் 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய இரங்கலுரை அந்த நெஞ்சின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. பெண்ணின் விடுதலையை நாடெங்கும் பேசியவர், அதில் மிகச் சிறிய பங்கைக்கூடத் தம் நாகம்மைக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று அச்சிலேயே எழுதினார். ஊரார் படிக்கத் துணிந்து எழுதிய அந்தச் சொல்லின் நேர்மையை வியக்காதவர் இருக்க முடியாது. எனினும் அதைப் படிக்க வேண்டிய முதல் ஆள் அப்போது உயிரோடு இல்லை. கணவர் மனைவியிடம் சொல்ல வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. அதற்கு ஏடு வேண்டாம், கட்டிலின் ஓரம் போதும்.

எப்போது சொல்வது என்பதற்குத் திருவரங்கம் ஒரு விடை வைத்திருக்கிறது. அரங்கநாதரைப் பாடிய பெரியாழ்வார், உடலும் நினைவும் தளரும் கடைசி வேளையில் இறைவனை எண்ண இயலாமல் போய்விடக்கூடும் என்று அஞ்சி, நினைவு தெளிவாக இருக்கும்போதே அந்த வேளைக்கானதையும் சேர்த்துச் சொல்லிவைத்துவிடுகிறார். அது பக்தியின் வழி. ஆனால் கட்டிலருகே உட்கார்ந்திருப்போருக்கு அதுவே மருத்துவ உண்மையும் ஆகிறது. கடைசி இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலோர் உறக்கத்திலேயே இருக்கிறார்கள். திரைப்படத்தில் வருவதுபோல் கையைப் பற்றிக்கொண்டு கடைசி வாக்கியம் சொல்லிவிட்டுக் கண்மூடுவது மிக அரிது. ஆகவே நன்றி சொல்வதும், பிழை பொறுக்கக் கேட்பதும், யார் எவரைப் பார்த்துக்கொள்வது என்று சொல்வதும், நகை எங்கே, பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்வதும், எரிப்பதா புதைப்பதா என்று சொல்வதும் வாரங்களுக்கு முன்பே, ஒரு நாளில் கொஞ்சமாக, காலைக் காபி வேளையில் நடக்க வேண்டியவை. பத்திரத்தையும் கடனையும் பற்றிப் பேசுவது பாசத்துக்குக் கீழான பேச்சு என்று எண்ண வேண்டாம். தனக்குப் பிறகு மனைவி யாரிடமும் கைகட்டி நிற்கக் கூடாது என்று ஒருவர் வங்கிக் கணக்கைக் காட்டி விளக்குவது அன்பின் பேச்சுதான்.

நேரில் பேசாதோர் எழுதியும் இருக்கலாம். புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்குப் பிரிவின் ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள் பின்னர் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்துள்ளன. 'ராஜமுக்தி' படத்துக்கு உரையாடல் எழுதப் புனேவுக்குச் சென்றிருந்தவர், காசநோய் முற்றிய நிலையில் 1948 மே மாதம் கமலா இருந்த திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். ஜூன் 30 அன்று, 42-ஆம் வயதில் மறைந்தார். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதியது, எளிய குடும்பம் வாங்கக்கூடியதாக இல்லை. தமிழ்ச் சிறுகதையின் பெருங்கலைஞர் என்று நாடு அவரை நினைக்கிறது. அந்த ஏறத்தாழ இரண்டு மாதங்களை இரண்டு வயதுப் பெண் குழந்தையோடும், தொற்றும் நோயில் கிடக்கும் கணவரோடும் கமலா கழித்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கடைசி நாட்களின் அடையாளங்களைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; அறியாமையால் எழும் அச்சமே பல வீடுகளில் நள்ளிரவில் 108-ஐ அழைக்க வைக்கிறது. முதலில் பசி நிற்கிறது. சாப்பிடாததால் சாகிறார் என்று வீட்டார் கலங்குகிறார்கள். உண்மையில் உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருவதால்தான் உணவை ஏற்பதில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டுவது வாந்தியையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். பிறகு கைகால் குளிர்கிறது, தோலில் நீலம் பூத்த திட்டுகள் தெரிகின்றன. மூச்சு வேகமாகி, பின் நின்று, நெஞ்சு பதறும் அளவுக்கு இடைவெளி விட்டு மறுபடி எழுகிறது. தொண்டையில் கோழை தேங்கிக் கரகரக்கிறது. சேடம் இழுக்கிறது என்று மக்கள் சொல்வது இதைத்தான். கேட்பவரை அது வதைக்கும் அளவுக்கு, நினைவிழந்து கிடப்பவரை வதைப்பதில்லை என்பதே மருத்துவர்களின் கருத்து. தலையைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஒலி குறையும்.

இந்த வேளையில்தான் பால் ஊற்றும் வழக்கம் வருகிறது. பேரன் முதல் பங்காளி வரை ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுகிறார்கள். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் மண்ணாசை என்று சொல்லி மண் கரைத்த நீரும், பொன்னாசை என்று சொல்லிப் பொன் உரசிய நீரும் விடுகிறார்கள். விழுங்கும் ஆற்றலை இழந்த தொண்டையில் ஊற்றப்படும் எதுவும் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழலில் இறங்கி, அமைதியாகப் போக வேண்டிய உயிரைத் திணறவைத்துவிடும். அப்படியானால் வழக்கத்தை விட்டுவிடுவதா? அவ்வழக்கத்தின் உயிர், பாலின் அளவில் இல்லை. பெற்றவருக்கும் துணைக்கும் கடைசியாக ஒன்றைக் கொடுத்தோம் என்ற நிறைவே அதன் உயிர். சுத்தமான துணியையோ பஞ்சையோ பாலிலோ காவிரி நீரிலோ துளசித் தீர்த்தத்திலோ நனைத்து, பிழிந்து, உதட்டை ஈரப்படுத்தினால் அந்த நிறைவுக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் நனைப்பது மனைவியாக, அல்லது கணவராக இருக்கட்டும். கூட்டத்தில் அவரைப் பின்னால் தள்ளிவிடும் வழக்கம் போகட்டும். காது கடைசி வரை கேட்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுவதால், பேசிக்கொண்டே நனைப்பது நல்லது. கட்டிலுக்கு மேலாக நின்று காரியச் செலவைக் கணக்குப் போடாதிருப்பது அதனினும் நல்லது.

வீடா மருத்துவமனையா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கட்டுக்கடங்காத வலி, நிற்காத இரத்தப்போக்கு, வலிப்பு ஆகியவை வந்தால் மருத்துவமனையே நல்ல இடம்; வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத குடும்பத்தைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் பயனில்லை என்று தெரிந்தபின்னும் ஊர் என்ன சொல்லுமோ என்று ஊசிமேல் ஊசியாகப் போடச் சொல்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். 1944-ஆம் ஆண்டு புனேயின் ஆகா கான் மாளிகையில், ஆங்கில அரசின் காவலில் கஸ்தூரிபா உயிருக்குப் போராடியபோது, மகனும் ராஜாஜியின் மருமகனுமான தேவதாஸ் அரிதாகக் கிடைத்த பெனிசிலினை வரவழைத்தார். சில மணிக்கு ஒருமுறை ஊசியால் குத்த வேண்டும் என்று அறிந்த காந்தி, இந்த நிலையில் தாயைத் துன்புறுத்த வேண்டாம் என்று மகனைத் தடுத்தார். பிப்ரவரி 22 அன்று மாலை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இல்வாழ்க்கைக்குப் பிறகு, கணவரின் மடியில் தலைவைத்தே கஸ்தூரிபா உயிர் நீத்தார். மகன் செய்ததும் அன்பு, கணவர் செய்ததும் அன்பு. ஆனால் அந்த முடிவைக் கஸ்தூரிபாவே எடுத்திருக்க முடிந்திருந்தால் இருவரின் சுமையும் குறைந்திருக்கும் அல்லவா? அதற்கான சட்ட வழி இன்று இருக்கிறது. மாண்போடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்து, தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க இடம் தந்தது. அந்த ஆவணத்துக்கு நோட்டரியின் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்று 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

உயிர் பிரிந்தபின் ஊர் கூடிவிடுகிறது. பறை வருகிறது, கோடித்துணி வருகிறது, நீர்மாலை எடுக்கிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள். திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்கு அஸ்தி போகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. 21 நாட்களுக்குள் உரிய பதிவாளரிடம் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை இந்த நடமாட்டத்தில் யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நிகழ்ந்த இறப்பாயின், நோயை அறிந்த மருத்துவரிடம் சான்று வாங்கிவைப்பது ஓய்வூதியத்துக்கும் வங்கிக்கும் அலைவதைக் குறைக்கும்.

சாவு வீட்டுக்குத் தோள் கொடுக்கத் தவறாத ஊர், பதினேழாம் நாள் என்ன செய்கிறது? இரவெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பழகிய அந்த மனைவி இன்னும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறார். புரட்ட வேண்டிய உடல் இல்லை. தாலியையும் பூவையும் பிறர் கூடி அகற்றும் சடங்கு, கடைசிவரை அந்த மனிதரைத் தொட்டுத் துடைத்தவருக்குச் செய்யும் கைம்மாறா என்று கேட்டு, அதை விலக்கிய குடும்பங்கள் இப்பகுதியிலும் பெருகி வருகின்றன, பெருக வேண்டும். மனைவியை இழந்த கணவனின் தனிமையைத் தபுதார நிலை என்று தொல்காப்பியம் குறிக்கிறது; சேர மன்னன் ஒருவன் தன் தேவியின் ஈமத்தின் முன் நின்று, இதன் பின்னும் சாகாமல் இருக்கிறேனே என்று கலங்கியதும் புறநானூற்றில் இருக்கிறது. ஆண் அழக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட இக்காலத்து ஆடவருக்கு அந்த மன்னனுக்குக் கிடைத்த உரிமைகூட இல்லை.

தனித்துவிடப்பட்டவர் மனத்தில் ஓடுவது பெரும்பாலும் ஒரே வகைக் கேள்வி. அன்றைக்கே திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ? அந்தக் கஞ்சியை இன்னும் இரண்டு வாய் ஊட்டியிருக்கலாமோ? அந்த மாத்திரையைக் கொடுத்தது பிழையோ? இதற்கு மகனின் ஆறுதல் போதாது, ஏனெனில் மகனும் அதே கேள்வியோடு இருக்கிறான். நோயின் போக்கை அருகிருந்து பார்த்த செவிலியர் மறுபடி அந்த வீட்டுக்கு வந்து, நீங்கள் செய்தது சரி, அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான் என்று சொல்லும் சொல்லுக்கே எடை உண்டு. இறப்புக்குப் பின் குடும்பத்தைப் பார்ப்பதும் நோய் ஆதரவு சிகிச்சையின் பகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறையே சொல்கிறது. ஆகவே தொட்டியம் வட்டாரத்தில் இப்பணியில் இருக்கும் செவிலியர்களுக்கும், அவர்களை மேற்பார்வையிடும் மருத்துவ அலுவலர்களுக்கும் இம்மேடையிலிருந்து வைக்கப்படும் வேண்டுகோள் இது: நோயாளி இறந்ததும் பதிவேட்டில் அந்தப் பெயரைக் கோடிட்டு மூடிவிடாமல், காரியம் முடிந்த வாரத்தில் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள். உடன் செல்ல இந்த அவையிலிருந்து இருவர் முன்வந்தால், அவர்கள் பெயரை இன்றே எழுதிக்கொள்ளலாம்.